பச்சை மட்டும் கூடாது!

உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு நீங்கள் மஞ்சள் அடிக்கலாம். ஊதா அடிக்கலாம். கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி ஏழு நிறத்தையும் சேர்த்து அடிக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி சொல்லி, ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிப் பதிந்துகொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு நிறம் மட்டும் கூடாது. ஆலிவ் பச்சை. நாம் மிலிட்டரி பச்சை என்போமே, அதுதான். 1989-ம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் அந்தப் பச்சையை அடிக்கக் கூடாது என்று கறாராகச் சொல்கிறது.

சட்டம் கூடாது என்றால் நம் ஆட்களுக்கு அதன் மேல்தானே ஆசை வரும்? சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை ஓரமாக நின்று பாருங்கள். திருநெல்வேலி, மதுரை, அந்தப் பக்கம் புளியரை செக்போஸ்ட் தாண்டி கேரளா என்று எல்லாத் திசையிலிருந்தும் பைக்குகள் வரும். முதுகில் பை, கழுத்தில் துண்டு, பின் சீட்டில் ஒரு நண்பன். கறுப்பு, வெள்ளி, சிவப்பு என்று ஓடுகிற வரிசைக்கு நடுவே திடீரென்று ஒரு பச்சை புல்லட் தடதடத்துப் போகும். ஓட்டுகிற பையனுக்கும் பட்டாளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

ஆனால் அந்தப் புல்லட்டுக்குச் சம்பந்தம் உண்டு.

ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. ஊசி செய்கிற பட்டறையாக ஆரம்பித்து, சைக்கிளுக்கு வந்து, என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்து, அந்தப் பெருமையில் அந்த ஊர்ப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. முத்திரையில் பீரங்கி வைத்துக்கொண்டது. 1949-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமாக புல்லட் இந்தியாவுக்கு வந்தது. சுதந்திரம் கிடைத்த சூட்டோடு நீண்ட எல்லை ஒன்றைக் காவல் காக்க வேண்டியிருந்த நம் ராணுவம், ரோந்துக்கு வண்டி தேடியது. 1950-களின் தொடக்கத்தில் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்து நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்தது. அந்தத் தெம்பில்தான் 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது; திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் கம்பெனி 1970-ல் கடையைச் சாத்திவிட்டது. திருவொற்றியூர் சாத்தவில்லை. 1977-ல் இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது. தாய்க்குப் பிள்ளை சோறு போட்ட கதை.

பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்த புல்லட்கள் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் செய்கிற முதல் காரியம், பச்சையைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு அடிப்பது. ‘இது இனி சர்க்கார் வண்டி இல்லை, என் வண்டி’ என்று ஊருக்கு அறிவிக்க வேண்டாமா? அடுத்த தலைமுறை அதே கறுப்பைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடிக்கிறது. தாத்தா சட்டப்படி செய்தார். பேரன் சட்டத்தை மீறிச் செய்கிறான். இரண்டுக்கும் காரணம் மட்டும் ஒன்றுதான்: என் வண்டி.

இந்த ‘கஸ்டமைஸ்’ மோகமே அமெரிக்காவிலிருந்து இறக்குமதி ஆனது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அமெரிக்கக் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் கனமான ஹார்லி வண்டிகளை வாங்கி, மட்கார்டை வெட்டி, தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்து வேகம் கூட்டினார்கள். வான் டச் என்று பெயர் வைத்துக்கொண்ட கென்னத் ஹோவர்டு கலிஃபோர்னியாவில் டேங்க்குகளின் மேல் மெல்லிய கோடுகளை இழைத்துப் பேர் வாங்கினார். 1969-ல் ‘ஈஸி ரைடர்’ படம் வந்து, நீளக் கழுத்து பைக்குகளை உலகத்துக்கே காட்டியது. அது, கடை நிறைய வண்டி இருந்த நாட்டின் விளையாட்டு.

நம் கதை பற்றாக்குறையின் கதை. 1980-களின் தொடக்கம் வரை இந்தியாவில் மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் எண்ணி மூன்று பேர்தான் இருந்தார்கள். சென்னை புல்லட், 1961 முதல் மைசூரில் தயாராகி, பின்னால் யெஸ்டி என்று பெயர் மாறிய ஜாவா, வடக்கே ராஜ்தூத். லைசென்ஸ் ராஜ்ஜியம். இத்தனை வண்டிதான் செய்யலாம் என்று அரசாங்கம் சொல்லும். கம்பெனி கொடுப்பதை, கொடுக்கிற நாளில், கொடுக்கிற நிறத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தெருவில் மூன்று புல்லட் நின்றால் மூன்றும் ஒரே அச்சு. இதில் எது யாருடையது?

இந்த இடத்தில்தான் பெயின்டர் உள்ளே வருகிறார்.

இத்தனைக்கும் அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று காளையின் கொம்பைச் சீவி, ஒரு கொம்புக்குச் சிவப்பும் ஒரு கொம்புக்குப் பச்சையும் அடித்து, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டுகிற ஊர் இது. சைக்கிள் வாங்கினால் ஹப்பில் கலர் பிரஷ், ஹேண்டில்பாரில் குஞ்சம், செயின் கவரில் பையன் பெயர். ஆயுத பூஜைக்கு மட்கார்டில் சந்தனப் பொட்டு. ஓட்டுகிற பிராணியை அலங்கரிப்பது நமக்கு ஹாலிவுட் சொல்லித் தந்த பழக்கமா என்ன?

பிரிட்டிஷ் புல்லட் டேங்கில் ஓடும் தங்கக் கோடும் ஒரு வகையில் மாட்டுக்கொம்பின் உறவுதான். குதிரை இழுத்த கோச் வண்டிகளின் விளிம்பில் நீள முடித் தூரிகையால் இழுத்த அலங்காரக் கோடு, குதிரை போனதும் காருக்கும் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தாவியது. திருவொற்றியூரில் அந்த வேலையை ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி இருவர் பல வருடங்களாகச் செய்து பேர் பெற்றார்கள். ஸ்கேல் கிடையாது. டேப் ஒட்டுவது கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. டேங்கின் வளைவோடு வளைந்து போய், ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேர வேண்டும். இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டும். ரோபாட் வைத்து வெல்டிங் செய்கிற காலத்திலும் சில மாடல்களுக்குக் கையால்தான் கோடு.

டேங்க், மட்கார்டு, சைடு பாக்ஸ் எல்லாம் இரும்புத் தகடு. அதற்குப் பெயின்ட் அடிப்பது பழகிய வித்தை. பழையதை எமரி போட்டுத் தேய்த்து, பள்ளத்தில் பட்டி பார்த்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பரில் இழைத்து, பிரைமர் கொடுத்து, ஸ்பிரே அடித்து, கிளியர் கோட். பழைய பெயின்டர்கள் ‘டூகோ’ என்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் வெடிமருந்து வாசனை உண்டு. முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்து குவித்த அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி, அதே நைட்ரோசெல்லுலோஸ் ரசாயனத்திலிருந்து சீக்கிரம் உலரும் பெயின்ட்டை உருவாக்கியது. 1923-ல் ஓக்லாண்டு கார்களில் அது நீல நிறமாக அறிமுகமானது. அதுவரை ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காய வைக்க வாரக் கணக்கில் ஆகும். டூகோ அதை மணிக்கணக்காகச் சுருக்கியது. தெருவோரத்தில் ஒரு கம்ப்ரஸரும் ஒரு கன்னும் வைத்துக்கொண்டு ஒருத்தர் பெயின்ட் கடை போட முடிந்ததே அதற்குப் பிறகுதான்.

என்ஜின் கவர் விஷயம் வேறு. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. மெக்கானிக் பாஷையில் கிளட்ச் கவர், மேக்னட் கவர். இரண்டும் அலுமினியக் கலவை. பெயின்டர்களுக்குத் தலைவலி கொடுக்கிற உலோகம் இது. ஏன் என்று பார்ப்போம்.

அலுமினியத்தைத் தேய்த்து முடித்து நிமிர்வதற்குள் அது காற்றோடு சேர்ந்து தன் மேல் ஒரு போர்வை போர்த்திக்கொள்ளும். அலுமினியம் ஆக்ஸைடு. ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கைவிட மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் போர்வைதான் உள்ளே இருக்கிற உலோகத்தைக் காப்பாற்றுகிறது. அதுவேதான் சாதாரணப் பெயின்ட்டை உள்ளே விடாமல் வழுக்கி விடுகிறது. போதாததற்கு என்ஜின் ஆயில் கசிவு, பெட்ரோல் சொட்டு, பூட்ஸ் உரசல், ஓடும்போது சூடு, நின்றால் குளிர். இரும்புக்கு அடிக்கிற மாதிரி இதற்கும் அடித்தால் ஆறே மாதத்தில் பலாச்சுளை மாதிரி உரிந்து வரும். எண்ணெய்ப் பிசுக்கு போக தின்னரில் துடைத்து, லேசாகச் சொரசொரப்பாக்கி, உலோகத்தைக் கடித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமர் கொடுத்து, அதற்கு மேல் சூடு தாங்கும் பெயின்ட். இது முறை. இதில் ஒரு படி தப்பினாலும் வேலை வீண். பட்டியை கவர் மேல் அப்பினால் இன்னும் மோசம். சூட்டில் வெடித்து, காய்ந்த கண்மாய் மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் மதுரை வெயிலில் கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். தென்காசி அப்படியில்லை. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வந்து ஊர் மேல் சாரலைத் தூவும். மழை என்று குடை பிடிக்கவும் முடியாது, மழை இல்லை என்று மடக்கவும் முடியாது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வருகிறவர்களுக்குச் சொர்க்கம். அருவிக்கரையில் நிறுத்தி வைத்த பைக்கின் அலுமினிய கவருக்கு அது வேறு மாதிரி அனுபவம். கம்பெனியில் பஃபிங் செய்து, மேலே கண்ணாடி மாதிரி லேக்கர் பூசி அனுப்பிய கவர். கல் தெறித்து லேக்கரில் எங்கேயோ ஒரு கீறல் விழும். ஈரம் அதன் வழியாக உள்ளே போகும். லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் கிளம்பும். பிறகு வெள்ளை பூத்துவிடும். பளபளவென்று இருந்த மேக்னட் கவர், உப்பு பூத்த சுவர் மாதிரி ஆகிவிடும்.

‘பஃபிங்கா, பெயின்ட்டா அண்ணாச்சி?’ என்று பெயின்டர் கேட்பது அப்போதுதான்.

பஃபிங் போட்டால் முகம் பார்க்கலாம். ஆனால் அடுத்த சாரல் வரைக்கும்தான். வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிற பொறுமை வேண்டும். பெயின்ட் அடித்தால் வேலை மிச்சம், பளபளப்பு போச்சு. கறுப்பு அடிக்கலாம் என்றால் கூட வந்த நண்பர் உடனே, ‘கறுப்பு அடிச்சா என்ஜின் சூடாகும்லா?’ என்பார். வெயிலில் கறுப்பு சூட்டை இழுக்கும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததில் பாதியை மறந்துவிட்டோம்: சூட்டை நன்றாக வாங்குகிற நிறம், நன்றாக வெளியேயும் விடும். பளபளக்கும் அலுமினியம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே விடுவதில் சரியான கஞ்சன். மெல்லிய கறுப்புப் பூச்சு தாராளப் பிரபு. ஓடுகிற வண்டியில் காற்றுதான் பெரும்பாலான சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது; அதனால் நிறத்தால் வரும் லாபம் சொற்பம். ஆனால் நஷ்டம் நிச்சயமாக இல்லை. நஷ்டம் வருவது கனமாக நாலு கோட்டிங் அடித்து, சிலிண்டரின் ரெக்கைகளை மெழுகிவிடும்போதுதான்.

உலோகத்தின் பளபளப்பா, வர்ணமா? இந்தக் கேள்வி குற்றாலத்துக்குப் புதிதில்லை. நடராஜருக்கு ஐந்து சபைகள் சொல்வார்கள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். குற்றாலத்தில்? சித்திர சபை. இங்கே செம்புத் திருமேனி கிடையாது, சுவரில் எழுதிய ஓவியம்தான் சாமி. பொன்னுக்கும் வெள்ளிக்கும் சமமாக வர்ணத்தையும் ஒரு சபையாக உட்கார வைத்த ஊர் இது. அருவியில் குளித்துவிட்டு வருகிற பைக் பையன்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, பைக்குக்கு வருவோம். 1980-களின் நடுவில் கதவு திறந்தது. ஓசூரிலிருந்து டி.வி.எஸ். சுஸுகி, ஹீரோ ஹோண்டா, கவாஸாகி பஜாஜ், எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா என்று ஜப்பான் கூட்டணிகள் வரிசையாக வந்தன. அதில் தென்மாவட்டத்துப் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்தது யமஹா ஆர்.எக்ஸ்.100. 1985-ல் வந்தது, 98 சி.சி., 11 குதிரைத் திறன். முன்னும் பின்னும் குரோம் மட்கார்டு. கிக்கரை மிதித்தால் ‘டங்... டங்... டங்’ என்று ஒரு சத்தம். தெருமுனையில் யார் வருகிறார்கள் என்று அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்குத் தெரியும். 1996-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

நிறுத்திய பிறகுதான் அதை நாம் படாதபாடு படுத்தினோம். குரோம் துரு ஏறியதா, மேலே கறுப்பு அடி. ஒரிஜினல் சிவப்பு மங்கியதா, மஞ்சள் அடி. டேங்கில் நெருப்பு ஜ்வாலை, சைடு பாக்ஸில் புலி, டூமில் ‘ரேடியம்’ ஸ்டிக்கர். (அந்த ஸ்டிக்கரில் ரேடியமே கிடையாது. மேடம் க்யூரி கண்டுபிடித்த ரேடியத்தைக் கலந்து ஒரு காலத்தில் கடிகார முள்ளுக்கு ஒளிரும் பெயின்ட் பூசினார்கள்; தூரிகையை நாக்கில் தொட்டுக் கூராக்கிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் 1920-களில் நோய்வாய்ப்பட்டுச் செத்தார்கள். நம் ஸ்டிக்கர் வெறும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பிளாஸ்டிக். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. ‘ஒரிஜினல் பெயின்ட்’ ஆர்.எக்ஸ்.100-க்கு இருக்கிற மரியாதை, புதிதாக ஜோராகப் பெயின்ட் அடித்த வண்டிக்கு இல்லை. பழைய வண்டி பார்க்க வருகிறவர் முதலில் சைடு பாக்ஸைக் கழற்றி உள்பக்கத்து நிறத்தைப் பார்க்கிறார். கவர் போல்ட்டின் தலையில் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒட்டியிருந்தால் கவரைக் கழற்றாமலே யாரோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், விலை இறங்கும். காசு கொடுத்து மாற்றிய நிறத்தை, அதைவிடக் கூடுதல் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அவர் பார்க்கிற இன்னொரு இடம் என்ஜின் நம்பர். இது கவரில் இருக்காது. உள்ளே கிராங்க் கேஸில் பொறித்திருக்கும். பெயின்ட் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம். நம்பர் மேல் பெயின்ட் அப்பி எழுத்து மறைந்தாலோ, எமரி போட்டுத் தேய்த்து மங்கினாலோ, நல்ல மனிதரின் வண்டியும் திருட்டு வண்டியாகத் தெரியும். திருடனும் முதலில் மாற்றுவது நிறத்தைத்தானே? மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை பார்க்கிற பெயின்டர்தான் விவரமானவர்.

சட்டம் இந்த விஷயத்தில் எதுவரை விடும்? இதற்கு விடை மலைக்கு அந்தப் பக்கமிருந்து போன ஒரு வழக்கில் கிடைத்தது. கேரள உயர் நீதிமன்றத்தில் ஆரம்பித்து டெல்லி வரை போனது. கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே ‘பெயின்ட் அடிச்சா பிடிப்பாங்களாம்’ என்று ஊரெங்கும் ஒரு பீதி. நிறம் மாற்றுவது வேறு, அமைப்பை மாற்றுவது வேறு. சேஸிஸை அறுப்பது, வேறு மாடல் என்ஜினை ஏற்றுவது, ஊரை எழுப்புகிற சைலன்ஸர் மாட்டுவதெல்லாம் ஆபத்தான வகை. முழு வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதே 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸுக்கே திருநெல்வேலி ஓடிய காலம் முடிந்தது. TN 76 வண்டிக்காரர்கள் நிறம் மாற்றியதைப் பதியாமல் இருக்கத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

என் கவலை சட்டத்தைப் பற்றியது இல்லை, பெயின்டரைப் பற்றியது. இன்றைக்கு வருகிற பைக்குகளில் பெரும்பாலும் என்ஜினே கறுப்பாக வருகிறது. சைடு பாக்ஸ், டூம் எல்லாம் பிளாஸ்டிக். உடைந்தால் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டுகிறார்கள். கோடும் பூவும் ஸ்டிக்கராக, லேக்கருக்கு அடியில் கம்பெனியிலேயே ஒட்டப்பட்டு வருகின்றன. 2020-ல் ராயல் என்ஃபீல்டே, செல்போனில் நிறத்தையும் அலங்காரத்தையும் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுக்கிற வசதியைக் கொண்டுவந்துவிட்டது. கொடுப்பதை வாங்கிக்கொள் என்ற காலத்தில் பெயின்டர் கையில் இருந்த ஒரே ஒரு சுதந்திரத்தை, கம்பெனி தன் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டது. பெயின்டருக்கு மிஞ்சியிருப்பது பழைய வண்டிகள். அதிலும், மாற்று என்று வருகிறவர்களைவிட, பழையபடி ஆக்கிக் கொடு என்று வருகிறவர்கள்.

அப்படி ஒரு பழைய கவர் வந்தால் முதலில் ரிமூவர் தடவி ஓரமாக வைப்பார். சிறிது நேரத்தில் மேல் கறுப்பு சுருங்கிக் கொப்பளிக்கும். வழித்து எடுத்தால் அடியில் சிலுவர் பெயின்ட். மறுபடி ரிமூவர். சில கவரில் அதற்கும் அடியில் யாரோ எந்தக் காலத்திலோ அடித்த சிவப்பு இருக்கும். எல்லாம் போன பிறகு, பூத்தும் பூக்காமலும் அந்த வெள்ளை உலோகம். தேய்த்துக் கழுவி, ஈரம் காய வெயிலில் வைக்க வேண்டும். சீசன் நேரமென்றால், வெயில் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.